இளமைப் பெயர் பெறாத புழுக்கள்: காளானிலும் இற்ற மரத்திலும் வாழும் ஈப்புழுக்களை இனங்கண்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

காளானிலும் இற்றுப்போன மரத்திலும் காணப்படும் புழுக்களுள் கணிசமானவை ஈ, கொசு முதலிய இருசிறகிப் பூச்சிகளின் இளம்பருவங்கள். புழுவைக் கண்ட அளவில் அது எந்தப் பூச்சியின் இளமை என்று சொல்லிவிட முடிவதில்லை. தாய்ப்பூச்சிக்கும் புழுவுக்கும் இடையிலான உறவை நிறுவுவதே இனங்காணலின் அடிப்படை. தொல்காப்பிய மரபியலின் இளமைப் பெயர்கள், நால்வகைத் தோற்றக் கொள்கை ஆகியவற்றிலிருந்து தொடங்கி, கல்கத்தாவில் புருனெட்டியும் கிண்டியில் பேட்டன், கிராக் ஆகியோரும் செய்த பணிகளின் வழியாக, தமிழகத்தில் அவ்வுறவு எங்கே நிறுவப்பட்டது, எங்கே விடுபட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நோயும் பயிரழிவும் தூண்டிய இடங்களில் மட்டுமே புழுக்கள் பெயர் பெற்றன என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: மரபியல், இளமைப் பெயர், ஈப்புழு, காளான், இற்ற மரம், கிண்டி, புருனெட்டி, பேட்டன், சூசைநாதன்

முன்னுரை

சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய வளாகம் 2022 சனவரி 12 அன்று திறக்கப்பெற்றது. தொல்காப்பியம் உள்ளிட்ட 41 செவ்வியல் நூல்கள் அந்நிறுவனத்தின் ஆய்வுக் களம். வளாகத்தைச் சூழ்ந்த நிலம் வேறொரு வகை ஆய்வுக் களம். அருகே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். மேற்கே நன்மங்கலம் காப்புக்காடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்பகுதியில் வீழ்ந்து கிடக்கும் மரங்களின் மேல் காளான்கள் அடுக்கடுக்காக எழுகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயல் சென்னையிலும் புறநகரிலும் பெருந்தொகையான மரங்களைச் சாய்த்தது. அவற்றுள் அகற்றப்படாது விடப்பட்ட அடிக்கட்டைகள் அடுத்தடுத்த மழைக்காலங்களில் காளானுக்கும் புழுக்களுக்கும் உறைவிடமாயின.

இத்தகைய கட்டை ஒன்றின் பட்டையைப் பெயர்த்தால் பலவகைப் புழுக்களைக் காணலாம். ஒன்று கண்ணாடிபோல் உடல் ஊடுதெரிய, கரிய தலையுடன் நெளியும். மற்றொன்று தலையென்று சுட்ட ஏதுமின்றி, ஒருமுனை கூர்ந்து மறுமுனை மழுங்கி வெள்ளையாக இருக்கும். வேறொன்று தட்டையாக, தோல்போல் தடித்து, அசைவே இல்லாததுபோல் ஒட்டிக் கிடக்கும். இவற்றைப் பார்ப்பவர் கேட்கும் முதற்கேள்வி ‘இது என்ன?’ என்பதன்று, ‘இது எதன் புழு?’ என்பதே. தமிழில் இயல்பாக எழும் இந்த ஆறாம் வேற்றுமைக் கேள்வியிலேயே இனங்காணலின் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. ஒன்றன் இளமையை அதன் தாயைக் கொண்டு பெயரிடும் வழக்கத்தைத் தமிழ் இலக்கணம் மிகத் தொன்மையிலேயே வகுத்துக் காட்டியிருக்கிறது. ஆயினும் அவ்வகுப்புக்குள் புழு வரவில்லை.

மரபியலும் புழுவும்

மரபியல் இளமைப் பெயர்களோடுதான் தொடங்குகிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது பெயர்களைக் கூறி, எப்பெயர் எவ்வுயிரின் இளமைக்கு உரியது என்பதைத் தொல்காப்பியர் வரையறுக்கிறார். பார்ப்பும் பிள்ளையும் பறவைக்கு உரியன. ஊர்ந்து தவழ்வனவற்றுக்கும் அவை பொருந்தும். ஆமை, முதலை ஆகியவற்றின் குஞ்சுகளைப் பார்ப்பு என்று சங்கப் பாடல்கள் வழங்குவது இதற்கு இணங்கியதே. இந்த ஒன்பதனுள் பூச்சியின் இளமைக்கு உரியது எதுவும் இல்லை.

இதனை இலக்கணத்தின் குறையெனக் கொள்வது பொருந்தாது. கன்றும் பறழும் தாயைப் போன்ற தோற்றமுடையவை. தாயின் அருகே வளர்பவை. பார்த்த அளவில் உறவு புலப்படும். புழுவுக்கோ தாயின் சாயல் சிறிதும் இல்லை. முட்டையிட்ட ஈ பறந்து போய்விடுகிறது. புழு தாயைக் காண்பதில்லை. கண்ணால் காணும் உறவையே மரபு பெயராக்கிற்று. காணப்படாத உறவுக்குப் பெயர் பிறக்கவில்லை.

மரபியலின் அறிவு அடிப்படையிலான பகுப்பில் இச்சிக்கல் வேறொரு வடிவில் எழுகிறது. புல்லும் மரமும் ஓரறிவு. நந்தும் முரளும் ஈரறிவு. சிதலும் எறும்பும் மூவறிவு. நண்டும் தும்பியும் நான்கறிவு என்பது அப்பகுப்பு. மூக்கு வரையிலான புலன்களோடு கண்ணும் சேர்வதே நான்காம் அறிவு. பறக்கும் ஈயைத் தும்பியின் இனமாகக் கருதினால் அதற்கு நான்கறிவு. அதன் புழுவுக்குத் தாய்ப்பூச்சியின் பெரிய கூட்டுக்கண்கள் இல்லை. இருளில், ஈரத்தில், உணவுக்குள்ளேயே புதைந்து வாழ்கிறது. இப்பகுப்பின்படி புழு கீழ்ப்படியிலும் அதன் தாய் மேற்படியிலும் நிற்கும். ஒரே உயிர் வளரும்போது ஒரு வகுப்பிலிருந்து மற்றொன்றுக்கு ஏறுகிறது என்றாகும். உரையாசிரியர்களின் விளக்கங்களைப் பயில்வோர், அறிவுப் பகுப்பு உயிரினத்துக்கு உரியதா, உயிரின் ஒரு பருவத்துக்கு உரியதா என்ற வினாவையும் எழுப்பிக்கொள்வது பயன்தரும். 20ஆம் நூற்றாண்டில் செருமானிய அறிஞர் ஒருவர் இதே வினாவை ஈப்புழுக்களைக் கொண்டு எழுப்பினார். அவரைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

காளானையும் அதன் சூழலையும் சங்கப் புலவர்கள் நன்கறிந்திருந்தனர். குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனாரின் புறநானூற்று 164ஆம் பாடலில் சமைத்தலை மறந்த அடுப்பில் ஆம்பி பூத்திருக்கிறது. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் சிதல் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் காளான் முளைத்திருக்கிறது. இரண்டிலும் காளான் வறுமையின் அடையாளம். ஆயினும் சிறுபாணாற்றுப்படை, சிதல் அரித்த இடத்தையும் காளான் முளைத்த இடத்தையும் ஒன்றாகக் காட்டியிருப்பது கூர்ந்த நோக்கு. அழுகலும் பூச்சியும் காளானும் ஒருங்கே நிகழும் இடமே இக்கட்டுரையின் களமும் ஆகும்.

பிற்காலச் சமய நூல்கள் புழுவின் தோற்றத்துக்கு நேரடியாகவே ஒரு விடை தந்தன. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் முதலியவற்றில் காணப்படும் நால்வகைத் தோற்றம் முட்டையிற் பிறப்பன, வியர்வையிற் பிறப்பன, வித்து வேர் முதலியவற்றிலிருந்து முளைப்பன, கருப்பையிற் பிறப்பன என உயிர்களைப் பிரிக்கிறது. புழுவும் பேனும் கிருமியும் வியர்வையில், அதாவது வெம்மையும் ஈரமும் கூடிய இடத்தில், பிறப்பனவற்றுள் வைக்கப்பட்டன. ஈரக்கட்டைக்குள் புழு இருப்பதைக் கண்டவர்க்கு இது ஏற்புடைய விளக்கமே. ஆனால் ஈரமே தாயாகிவிட்டால் ‘எதன் புழு?’ என்ற கேள்விக்கு இடமில்லாமற் போகிறது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ இக்கருத்தையே கொண்டிருந்தார் என்பதால் இதனைத் தமிழ் மரபுக்கு மட்டும் உரியதாக எண்ண வேண்டுவதில்லை.

தாயைக் கண்டறிந்த ஐரோப்பியர்

இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி 1668இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை அசைத்தது. இறைச்சியைத் திறந்த கலங்களிலும் மூடிய கலங்களிலும் வைத்து, ஈ வந்தமரும் இறைச்சியில் மட்டுமே புழு தோன்றுவதை அவர் காட்டினார். இறைச்சிப் புழுவுக்குத் தாய் கிடைத்தது. எனினும் செடிகளின் கழலைகளில் வாழும் பூச்சிகளைச் செடியே பிறப்பிப்பதாக ரெடி தொடர்ந்து நம்பினார். சோதனையால் தெளிந்த இடத்தில் தெளிவும், சோதனை எட்டாத இடத்தில் பழைய நம்பிக்கையும் ஒருவரிடமே உடன் நின்றன.

பிரான்சில் ரியோமூர் 1734 முதல் 1742 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பூச்சி வரலாற்றில் காளான் மேல் வாழும் புழுக்களுக்கும் இடமளித்தார். 1839இல் லியோன் துஃபூர் காளானுண்ணும் ஈப்புழுக்களின் உருமாற்றத்தைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார். அவர் செய்தது எளிய பணி: காளானைப் புழுவோடு கொண்டுவந்து வைத்து, புழு கூடு கட்டி, கூட்டிலிருந்து ஈ வெளிவரும் வரை காத்திருந்தார். இன்றும் அடிப்படை முறை அதுவே.

இம்முறைக்கே சவாலாக ஒரு புழு 1861இல் உருசியாவின் கசான் நகரில் கிடைத்தது. நிக்கொலாய் வாக்னர் இற்ற மரப்பட்டையின் கீழிருந்து எடுத்த புழுக்களின் உடலுக்குள் வேறு சிறு புழுக்கள் இருந்தன. அவை ஒட்டுண்ணிகள் அல்ல, அப்புழுவின் மக்கள். தாய்ப்புழு ஈயாக மாறாமலே, புழுப் பருவத்திலேயே கருவுற்று, தன்னுடலை உண்டு வளரும் மக்களை ஈன்று மடிகிறது. கழலை ஈக்களின் குடும்பத்தைச் சேர்ந்த இவ்வினத்துக்கு மெய்னெர்ட் 1864இல் மியாஸ்டர் என்ற பேரினப் பெயரைச் சூட்டினார். வாக்னரின் செய்தியை அறிஞர்கள் முதலில் ஐயுற்றனர். பிறரும் அதனைக் கண்ட பின்னரே ஏற்றனர். இப்புழுக்களில் பல தலைமுறைகள் ஈயே தோன்றாமல் கழியக்கூடும். காத்திருந்து ஈயைப் பெறும் முறை இங்கே பயன்படாது. புழுவின் உடலையே படித்தாக வேண்டும்.

கல்கத்தா 1912, கிண்டி 1913

இந்தியாவுக்கு வருவோம். ‘பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள்’ என்ற நூல்வரிசையில் இருசிறகிகளுக்கான முதல் தொகுதி 1912இல் வெளிவந்தது. எழுதியவர் என்ரிக்கோ புருனெட்டி. இலண்டனில் 1862இல் பிறந்த இவர் தொழிலால் இசைக்கலைஞர். கல்கத்தாவில் வாழ்ந்து, இந்திய அருங்காட்சியகத்தின் ஈத் தொகுப்புகளை ஆராய்ந்தவர். காளானிலும் இற்ற மரத்திலும் புழுப்பருவத்தைக் கழிக்கும் குடும்பங்கள் பல இத்தொகுதியில் இடம்பெற்றன: காளான் ஈக்கள், கழலை ஈக்கள், நெடுங்காலி ஈக்கள் முதலியன. மாதிரிகளுள் பெரும்பங்கு இமயமலைச் சரிவின் டார்ஜிலிங், கர்சியாங் போன்ற இடங்களிலிருந்து வந்தவை.

புருனெட்டியின் விளக்கங்கள் ஊசியில் குத்திய ஈக்களைப் பற்றியவை. சிறகின் நரம்போட்டம், உணர்கொம்பின் கணுக்கள், காலின் முட்கள், உடலின் நிறம் ஆகிய இவற்றைக் கொண்டு இனங்களைப் பிரித்தார். புழுவைக் கையில் வைத்திருப்பவர் அந்நூலைத் திறந்தால் தம் புழுவுக்குரிய அட்டவணையைக் காணமாட்டார். இதற்கு ஆசிரியரைக் குறைகூறுவதில் பயனில்லை. அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தவை இறந்த ஈக்கள். அவை எந்தக் கட்டையிலிருந்து வெளிவந்தன என்பதை எவரும் எழுதி அனுப்பவில்லை. நூல்வரிசையின் தலைப்பிலேயே மற்றொரு குறிப்பு இருக்கிறது: கொசுக் குடும்பம் நீங்கலாக என்று. கொசு அப்போதே மருத்துவருக்கு உரியதாகிவிட்டிருந்தது.

அடுத்த ஆண்டே, 1913இல், முற்றிலும் வேறான நூல் ஒன்று வெளிவந்தது. வால்டர் ஸ்காட் பேட்டன், பிரான்சிஸ் வில்லியம் கிராக் என்னும் இந்திய மருத்துவப் பணி அலுவலர் இருவர் எழுதிய மருத்துவப் பூச்சியியல் பாடநூல் அது. இருவரும் பணிபுரிந்த இடம் கிண்டியிலுள்ள கிங் நிலையம். அம்மை குத்தும் பால் தயாரிப்பதற்காக 1899இல் தொடங்கப்பெற்ற நிறுவனம். பெரும்பாக்கத்திலிருந்து வடக்கே சிறிது தொலைவில் இன்றும் இயங்குகிறது. கிறித்துவ இலக்கியச் சங்கம் நூலை வெளியிட்டது.

பேட்டனும் கிராக்கும் ஈயை ஊசியில் குத்துவதோடு நிற்கவில்லை. குருதி உறிஞ்சும் ஈக்கள் எங்கே முட்டையிடுகின்றன, புழு எதை உண்கிறது, எத்தனை முறை தோலுரிக்கிறது, எங்கே கூடு கட்டுகிறது என்பவற்றை ஆய்வகத்தில் வளர்த்தே அறிந்தனர். சென்னையின் மாட்டுச் சாணத்தில் வளரும் ஈயினங்களை அவர்கள் பிரித்த முறை குறிப்பிடத்தக்கது. பார்வைக்கு வீட்டு ஈயைப் போன்றே இருக்கும் பல இனங்களைப் புழு, முட்டை, வளரிடம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே தெளிவுபடுத்தினர். 1913இல் அவர்கள் பெயரிட்ட மஸ்கா பெஸ்ஸி என்னும் ஈ முட்டையிடுவதில்லை. முதிர்ந்த புழுவையே ஈனுகிறது. ஊசியில் காய்ந்த உடல் இத்தகைய செய்தியைத் தராது.

1920களின் தொடக்கத்தில் பேட்டன் இந்திய மருத்துவ ஆய்விதழில் பச்சை, நீல ஈக்களைப் பற்றித் தொடர்கட்டுரைகள் எழுதினார். புண்ணில் புழு வைக்கும் நோயில் காணப்படும் புழு எது என்பதே அதன் மையச் சிக்கல். பிணத்தில் வளரும் புழுவும் உயிருள்ள சதையில் வளரும் புழுவும் ஒன்றெனவே மருத்துவர் பலர் கருதினர். கிரைசோமியா பெஸ்ஸியானா என்னும் இனம் உயிருள்ள திசுவில் மட்டுமே வளர்வது, கிரைசோமியா மெகசெஃபாலா அழுகிய இறைச்சியில் வளர்வது என்ற வேறுபாட்டை அவர் நிறுவினார். மருத்துவத்தில் இவ்வேறுபாட்டின் விளைவு பெரிது. ‘எதன் புழு?’ என்ற கேள்விக்குத் தமிழகத்தில் வேரூன்றிய ஆய்வு முறையொன்று தெளிவான விடையளித்த இடம் இது.

பேட்டனின் எல்லா முடிவுகளும் நிலைக்கவில்லை. கருங்காய்ச்சலை மூட்டைப்பூச்சி பரப்புகிறது என்று அவர் கொண்டிருந்த கருத்து தவறாயிற்று. மணல் ஈயே அதனைப் பரப்புகிறது என்பது 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோரின் ஆய்வால் உறுதிப்பட்டது. ஆனால் வளர்த்துப் பார்க்கும் முறை நிலைத்தது. அது காளானுக்கும் கட்டைக்கும் நீட்டிக்கப்படாமல் நின்றதே இவ்வரலாற்றின் திருப்பம். காளானிலிருந்த புழு எவரையும் கடிக்கவில்லை, நோயைப் பரப்பவில்லை. அதனை வளர்க்க ஊதியம் தருவார் இல்லை.

மரப்பொந்தில் ஒரு பாகுபாடு

நோய் என்னும் தூண்டுதல் எவ்வளவு வலியது என்பதை அதே நூல்வரிசையில் காணலாம். ஐ. எம். பூரி 1931இல் இந்திய அனோஃபிலிஸ் கொசுக்களின் புழுக்களை முழுமையாக விளக்கி வெளியிட்டார். கிறிஸ்டோஃபர்ஸ் 1933இலும் பாரோ 1934இலும் எழுதிய கொசுத் தொகுதிகளில் முதிர்கொசுவுக்கு நிகராகப் புழுவுக்கும் இனங்காண் குறிப்புகள் உண்டு. மலேரியாவைத் தடுக்க நீரில் வாழும் புழுவையே அழிக்க வேண்டியிருந்தது. எனவே புழுவின் மயிரிழைகளைக்கூட எண்ணிப் பெயரிட்டனர். புருனெட்டிக்கும் பாரோவுக்கும் இடைவெளி 22 ஆண்டுகளே. அக்காலத்தில் கொசுப்புழு பெற்ற கவனத்துக்கும் காளான் ஈயின் புழு பெற்ற கவனத்துக்கும் உள்ள தொலைவு அதனினும் பெரிது.

மரப்பொந்து ஒன்றை எண்ணிப்பார்க்கலாம். முதிர்ந்த மரத்தின் கிளை முறிந்த இடத்தில் உள்மரம் இற்று, மழைநீர் தேங்கி, இலைகள் ஊறிக் கரிய சாறாகியிருக்கும். அதில் கொசுப்புழுவும் இருக்கும். நீண்ட வால்போன்ற மூச்சுக்குழலை நீர்மட்டத்துக்கு நீட்டிக் கிடக்கும் மலர் ஈப்புழுவும் இருக்கும். இற்ற மரத்தூளில் நெடுங்காலி ஈயின் புழுவும் இருக்கும். இம்மூன்றனுள் கொசுப்புழுவுக்கு மட்டும் பாரோவின் தொகுதியில் அடையாளம் தேடலாம். ஒரே பொந்தில் வாழும் அண்டை உயிர்களிடையே இப்பாகுபாட்டை உண்டாக்கியது இயற்கையன்று, நிதி ஒதுக்கீடு.

எம். ஓ. டி. ஐயங்காரின் பணி இங்கே ஒரு சுவையான மறுதலையைத் தருகிறது. கொசுப்புழுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், அனோஃபிலிஸ் புழுக்களின் உடலுக்குள் வளரும் இரு பூஞ்சைகளை 1935இல் புதிய இனங்களாக விளக்கினார். நாம் பூஞ்சைக்குள் புழுவைத் தேடுகிறோம். அவர் புழுவுக்குள் பூஞ்சையைக் கண்டார்.

பயிரழிவும் இவ்வாறே பெயர் தந்தது. நெல்லின் குருத்தை வெள்ளிக் குழலாக்கும் கழலை ஈயை வுட்-மேசன் 1889இல் அறிவியல் முறைப்படி விளக்கினார். தமிழக உழவர் அதனை ஆனைக்கொம்பன் என்பர். குழலாகிய குருத்து யானைத் தந்தம்போல் தோன்றுவதால் வந்த பெயர். உழவர் பெயரிட்டது புழுவுக்கன்று, ஈக்குமன்று, அழிவின் தோற்றத்துக்கே. ஆனாலும் அப்பெயர் உறவை இழக்காத பெயர்: புழு, ஈ, நோய் ஆகிய மூன்றையும் ஒரே சொல் தழுவிக்கொள்கிறது. இதே கழலை ஈக் குடும்பத்தின் தொல்கிளைகள் இன்றும் காளானையும் இற்ற மரத்தையும் உண்டே வாழ்கின்றன. அவற்றுக்கு உழவர் வழக்கில் ஆனைக்கொம்பன் போன்ற பெயர் பிறக்கத் தேவை எழவில்லை.

குரும்பகரத்திலிருந்து சென்ற ஈக்கள்

காரைக்கால் பகுதியின் குரும்பகரத்தைச் சேர்ந்த பி. சூசைநாதன் 1930களிலிருந்து பல பத்தாண்டுகள் தென்னிந்தியப் பூச்சிகளைத் திரட்டி உலகின் அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார். ஆனைமலையின் சின்கோனா, வாளையாறு, கொடைக்கானல், நீலகிரி என அவர் நடந்த இடங்கள் பல. அமெரிக்காவில் சார்லஸ் பி. அலெக்சாண்டர் தம் வாழ்நாளில் 11,000க்கும் மேற்பட்ட நெடுங்காலி ஈயினங்களை விளக்கியவர். தென்னிந்திய இனங்களுள் பலவற்றை அவர் நாதனின் தொகுப்பிலிருந்தே பெற்றார். நாதனி என்னும் இனப்பெயர் தாங்கிய பூச்சிகள் பல. தமிழ் அறிவுலகம் இவரைப் போதிய அளவு நினைவுகூரவில்லை என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

நெடுங்காலி ஈக்களுள் ஒரு பெரும்பகுதி இற்ற மரத்திலும் காளானிலும் பாசியிலும் புழுவாக வளர்பவை. நாதன் அனுப்பிய மடிப்புத்தாள்களில் இருந்தவை பறக்கும் ஈக்கள். சீட்டில் ஊர், உயரம், மாதம், திரட்டியவர் பெயர் ஆகியன உண்டு. திரட்டுவோரிடம் அருங்காட்சியகங்கள் வேண்டியது அதுவே. அவர் கடமையைச் செவ்வனே செய்தார். தமிழகத்து மலைகளின் ஈயினங்கள் இவ்வாறு பெருமளவில் பெயர் பெற்றன. அவற்றின் இளமை பெயரின்றியே நின்றது. 1973 முதல் 1977 வரை ஹவாய்ப் பல்கலைக்கழக அச்சகம் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட கீழைத்தேய இருசிறகிப் பட்டியல் முதிர்பூச்சிகளின் பெயர்களை ஒழுங்குபடுத்தியது. அதுவும் தாய்மாரின் பட்டியலே.

இற்ற மரத்தின் பூஞ்சைச் சூழல் தமிழகத்தில் முற்றிலும் ஆராயப்படாமல் இல்லை. சென்னை லயோலா கல்லூரியில் டி. என். அனந்தகிருஷ்ணன், காய்ந்த கிளைகளில் பூஞ்சை இழைகளையும் வித்துகளையும் உண்டு வாழும் இலைப்பேன்களை விரிவாக ஆராய்ந்தார். இலைப்பேனின் இளமை தாயைப் பெரிதும் ஒத்திருக்கும். சிறகு மட்டுமே பின்னர் வளரும். மரபியலார் கண்டிருந்தால் அதற்கு ஒரு பிள்ளைப் பெயரைத் தந்திருப்பார். ஈப்புழுவில் அந்த எளிமை இல்லை.

உடல் சொல்லும் உறவு

புழுவின் உடலைக் கொண்டு உறவை அறிவதற்கான ஒழுங்கான முறை 20ஆம் நூற்றாண்டில்தான் உருவாயிற்று. கேம்பிரிட்ஜில் டேவிட் கீலின் 1927இல் ஒரே ஒரு குதிரைச் செஸ்ட்நட் மரத்தின் காயங்களில் வாழும் உயிர்களைத் தனியாக ஆராய்ந்து எழுதினார். உயிர்வேதியியலாருக்கு அவர் சைட்டோகுரோமைக் கண்டறிந்தவராகவே அறிமுகம். அக்கண்டுபிடிப்பும் குதிரையின் குடலில் வாழும் ஈப்புழுவை ஆராய்ந்ததன் விளைவே. எகிப்தியரான மத்வர் 1937இல் காளான் ஈக்களின் இளம்பருவங்களை விரிவாக விளக்கினார். வில்லி ஹென்னிக் 1948, 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக ஈப்புழு வடிவங்களைத் தொகுத்தார். உருசியாவில் மமாயெவும் கிரிவோஷெய்னாவும் மரத்தில் வாழும் ஈப்புழுக்களுக்கெனத் தனி இனங்காண் நூலே இயற்றினர்.

முன்னர்க் குறிப்பிட்ட செருமானிய அறிஞர் ஹென்னிக்கே. உயிரின மரபுவழி வகைப்பாட்டின் கோட்பாட்டை வகுத்த அவருடைய நூலும் 1950இலேயே வெளிவந்தது. புழுவைக் கொண்டு வகுத்தால் ஒரு பிரிவும், ஈயைக் கொண்டு வகுத்தால் மற்றொரு பிரிவும் வருவதை அவர் எதிர்கொண்டார். வகைப்பாட்டுக்கு அடிப்படை அலகு ‘இனம்’ அன்று, ‘குறிப்பிட்ட காலத்தில் உள்ள ஓர் உயிர்’ என்றும், அத்தகைய பருவங்களின் தொடர்பைக் கொண்டே உயிரின் முழுமையை அறியலாம் என்றும் கூறினார். மரபியலின் அறிவுப் பகுப்பு எழுப்பும் வினாவுக்கு ஈப்புழுக்களிலிருந்து வந்த விடை இது. ஒன்று மற்றொன்றிலிருந்து பெறப்பட்டது என்று சொல்ல இடமில்லை. சிக்கல் ஒன்றாக இருந்ததால் வினாவும் ஒன்றாயிற்று.

நடைமுறையில் இனங்காண்போர் முதலில் தலையைப் பார்க்கிறார்கள். தலை முழுமையாக உருவாகி வெளியே தெரிந்தால் அது கொசுவின் உறவுடைய பழைய கிளை. கரிய பளபளப்பான தலையும் குடல் தெரியும் உடலும் சியாரிட் ஈயின் புழுவைக் காட்டும். பிராடிசியா இதன் பொதுவான பேரினம். காளானின் சதைக்குள் துளைத்து வாழும் மைசெட்டோஃபிலிட் புழுக்கள் இவற்றை நெருங்கி ஒத்திருக்கும். கட்டையின் அடியில் பிசுபிசுத்த இழைவலை பின்னி அதில் ஊர்வது கெரோப்பிளாட்டிட் புழு. சில வித்துகளை உண்ணும், சில வலையில் அமிலத் துளிகளைத் தாங்கிச் சிறு உயிர்களைக் கொல்லும். தலை பாதி உடலுக்குள் இழுபட்டு, உடலின் பின்முனையில் சிறு மடல்கள் சூழ இரு மூச்சுத்துளைகள் தெரிந்தால் நெடுங்காலி ஈ. தட்டையாகச் சுண்ணாம்பு படிந்த தடித்த தோலுடன் கிடப்பது படைவீர ஈயின் புழு. கூட்டுப்பருவத்தையும் அது அத்தோலுக்குள்ளேயே கழிக்கிறது. கழலை ஈயின் புழு மிகச் சிறியது, பெரும்பாலும் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறம். அவற்றுள் பலவற்றுக்கு மார்பின் அடியில் கரண்டி போன்ற தகடு ஒன்று உண்டு.

தலையே இல்லாதவற்றில்தான் இடர் மிகுதி. அங்கே தலைக்குப் பதில் கருங்கொக்கிகளும் அவற்றைத் தாங்கும் உள்ளெலும்பு போன்ற அமைப்பும் உள்ளன. அவற்றைக் காரக் கரைசலில் தெளிவாக்கி நுண்ணோக்கியில் காணவேண்டும். பின்மூச்சுத்துளைத் தட்டில் இரண்டாம் பருவப் புழுவுக்கு இரு பிளவும் மூன்றாம் பருவப் புழுவுக்கு மூன்று பிளவும் இருப்பது பொது இயல்பு. இதனை அறியாதவர் ஒரே ஈயின் இரு பருவங்களை இரு வேறு ஈக்களின் புழுக்களாகக் கொண்டுவிடுவர். பிள்ளைப் பருவத்துக்குள்ளேயே பருவங்கள் உண்டு.

எவ்வளவு கூர்ந்து நோக்கினும் உடல் பெரும்பாலும் குடும்பம் வரையே, சிலபோது பேரினம் வரையே அழைத்துச் செல்லும். இனத்தைச் சொல்ல, புழுக்களுள் சிலவற்றைக் கொதிநிலையை நெருங்கிய நீரில் இட்டுப் பின் சாராயத்தில் காத்து, எஞ்சியவற்றை அதே காளானோடும் ஈர மரத்தூளோடும் துணியிட்ட கலத்தில் வளர்க்கவேண்டும். கலம் காய்ந்தாலும் புழு சாகும். நீர் மிகுந்தாலும் சாகும். ஈ வெளிவந்ததும் அதன் வெறுங்கூட்டை அதே ஊசியில் ஈயின் கீழே பொருத்துவர்.

காளான் குடிலில்

தமிழகத்தில் காளான் புழுவுக்கு உரிய கவனம் இறுதியில் காளான் வளர்ப்பின் வழியே வந்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் வகைகளை உழவரிடம் கொண்டுசென்றது. 1998இல் அங்கிருந்து வெளியிடப்பெற்ற ஏபிகே 2 என்னும் பால்காளான் வெப்பமான சமவெளிக்கு ஏற்றதாய் அமைந்தது. வைக்கோற் படுக்கையின் ஈரமும் பூஞ்சை இழையும் ஈக்களை ஈர்த்தன. சியாரிட் புழு இழையை உண்டு காளானின் தண்டைத் துளைக்கிறது. ஃபோரிட் புழு வளரும் இழையை அழிக்கிறது. இந்தியாவின் காளான் படுக்கைகளிலிருந்து பெறப்பட்ட ஃபோரிட் ஈ ஒன்றுக்கு டிஸ்னி 1981இல் மெகாசீலியா சாந்துயி என்று பெயரிட்டார். கரிய தலை இருந்தால் சியாரிட், தலை இல்லையேல் ஃபோரிட், செம்மஞ்சள் சிறுபுழுவாயின் கழலை ஈ என்ற எளிய வேறுபாடு குடில் வைத்திருப்போருக்கும் பயன்படுகிறது. கிண்டியில் புண் கற்பித்ததைக் காளான் குடிலில் இழப்பு கற்பித்தது.

2003இல் பால் ஹெபர்ட் முன்வைத்த மரபணுப் பட்டை முறை இச்சிக்கலின் இயல்பை மாற்றியுள்ளது. சுமார் 650 எழுத்துகள் நீண்ட ஒரு மரபணுப் பகுதி புழுவிலும் ஈயிலும் ஒன்றே. வளர்க்காமலே உறவு தெரியும். மியாஸ்டர் போன்ற புழுக்களுக்கும் இது பொருந்தும். ஆனால் ஒப்பிட ஓர் ஈயின் பட்டை முன்பே பெயரோடு பதிவாகியிருக்க வேண்டும். புருனெட்டியும் நாதனும் திரட்டிய, அலெக்சாண்டர் பெயரிட்ட ஈக்களின் மதிப்பு இப்போது கூடுகிறது. தாய்மாரின் பட்டியல் இல்லாவிடில் பிள்ளையின் பட்டை எதனோடும் ஒப்பிட முடியாத எழுத்துக்கோவையாகவே நிற்கும்.

பெரும்பாக்கம், மேடவாக்கம் பகுதிகளில் கட்டடங்கள் பெருகிவருகின்றன. வீழ்ந்த மரம் குப்பையாகவே கருதப்பட்டு அகற்றப்படுகிறது. கல்லூரி வளாகங்களிலும் காய்ந்த கிளையை விட்டுவைப்பது பராமரிப்பின்மையாகக் கொள்ளப்படுகிறது. புழு வாழ்வது அக்கட்டையில்தான். ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையும் தமிழ்த் துறையும் ஒரு மழைக்காலத்துக்கு ஒரே ஒரு கட்டையை அகற்றாது காத்து, அதிலிருந்து வெளிவரும் ஈக்களைக் கலத்தில் பெற்றாலே போதும். தேவையான கருவிகள் வாயகன்ற கலம், துணி, சாராயம், ஊசி, சீட்டு ஆகியனவே. நாதனின் சீட்டில் ஊரும் உயரமும் மாதமும் இருந்தன. இச்சீட்டில் அவற்றோடு மரம் வேம்பா, பூவரசா, தூங்குமூஞ்சியா என்பதும், காளான் எது என்பதும், புழு பட்டையின் கீழிருந்ததா, உள்மரத்தில் இருந்ததா என்பதும் எழுதப்பட வேண்டும்.